ஹிஸ்பானிக் மக்களைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வரவைப்பது எப்படி?

கேள்வி: டெக்சஸின் தெற்கு எல்லையோரம் ஒரு சமூக மருத்துவ நிலையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலோர் மெக்சிகோ வழி வந்த ஹிஸ்பானிக் மக்கள். இலவச சர்க்கரை முகாம் போட்டாலும் நடுவயது ஆண்கள் எட்டிப் பார்ப்பதில்லை. வருகிறவர்களும் ரிசல்ட் வாங்கிக்கொண்டு போனால் திரும்பி வருவதில்லை. "எல்லாம் கடவுள் விட்ட வழி என்று இருப்பவர்கள், என்ன செய்தாலும் வரமாட்டார்கள்" என்கிறார்கள் இங்கே. அப்படித்தானா?

பதில்:

அப்படி இல்லை. கடவுள் மேல் பாரத்தைப் போடுகிற பேச்சு அந்த மக்களிடம் உண்டுதான். ஆனால் அதைக் காரணமாகச் சொல்லிவிட்டால் நிலையம் தன் நேரத்தையோ கட்டணத்தையோ மாற்ற வேண்டியதில்லை, அதனால்தான் இந்த விளக்கம் இவ்வளவு பிரபலம். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் அதிகமாக உள்ள பிரிவுகளில் ஹிஸ்பானிக் மக்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். டெக்சஸ், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்காத மாநிலம். கூரை வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. அரை நாள் போனால் அரை நாள் கூலி போச்சு. "சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தபின் மருந்துக்கு யார் காசு கொடுப்பது?" என்று கேட்டுவிட்டு வராமல் இருப்பவர் விதியை நம்பவில்லை, கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்குக்கு நீங்கள் பதில் வைத்திருந்தால் வருவார்.

பிரச்சினையின் அளவை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கர்களுக்கு வாழ்நாளில் டைப் 2 சர்க்கரை வரும் வாய்ப்பு சராசரியாக 40 சதவீதம் என்றும், ஹிஸ்பானிக் மக்களுக்கு அது 50 சதவீதத்துக்கும் மேல் என்றும் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி சொல்கிறது. பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 2008 முதல் 2011 வரை 16,000-க்கும் மேற்பட்ட ஹிஸ்பானிக் பெரியவர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் சுமார் 17 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. அவர்களில் 41 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது. மெக்சிகோ வழியினர், போர்ட்டோ ரீக்கோ, டொமினிக்கன் மக்களிடம் 18 சதவீதம், கியூபா வழியினரிடம் 13, தென்னமெரிக்கர்களிடம் 10. எனவே 'ஹிஸ்பானிக்' என்று ஒரே பெட்டியில் போட்டு ஒரே துண்டறிக்கை அடிப்பது சரியாக வராது. குவாத்தமாலாவிலிருந்து வந்த மாம், கிச்சே மொழிக்காரர்களுக்கு ஸ்பானிஷ் துண்டறிக்கையே அந்நிய மொழி. உங்கள் எல்லைப்பகுதியோ இந்தச் சராசரியையும் தாண்டியது. டெக்சஸ் எல்லையோர ஸ்டார் கவுண்டியில் 1981 முதலே ஆய்வாளர்கள் இதே நோயைத் தேடி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். முகாமைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, ஏற்கெனவே உங்கள் கதவைத் தாண்டி உள்ளே வந்தவர்களை. முதுகுவலிக்கு வந்தவர், குழந்தைக்கு ஊசி போட வந்த அம்மா, மாமனாரைக் காரில் கூட்டிவந்து வெளியே காத்திருக்கும் மருமகன், இவர்களில் எத்தனை பேருக்குக் கடந்த மூன்று வருடங்களில் சர்க்கரை பார்த்திருக்கிறது என்று நிலையத்தின் கணினிப் பதிவில் ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். பட்டியல் பெரிதாகத்தான் இருக்கும். மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தால் நடக்காது. அவருக்குப் பதினைந்து நிமிடத்தில் முதுகுவலியையே முடிக்க நேரமில்லை. நிலையான உத்தரவு ஒன்றை எழுதி வைத்துவிட்டால், தகுதி உள்ளவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் உதவியாளரே விரலில் குத்தி ஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) எடுத்துவிடலாம். மருத்துவர் அறைக்குள் வரும்போது எண் தயாராக இருக்கும்.

இரண்டாவது வழி, ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து வாங்குகிறவர்களின் உடன்பிறப்பும் பிள்ளைகளும். ஒவ்வொரு நோயாளியிடமும் "உங்கள் தம்பி, தங்கை, 35 வயதைத் தாண்டிய பிள்ளைகள் யாராவது இன்னும் பார்க்காமல் இருக்கிறார்களா?" என்று கேட்டு, அடுத்த தடவை வரும்போது ஒருவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். அம்மா சொன்னால் நாற்பது வயது மகனும் வருவான். போஸ்டர் சொல்லி வரமாட்டான். முகாமுக்கு ஆகும் அளவு செலவு இதற்கு ஆகாது, கிடைப்பவர்களோ அதிக ஆபத்தில் இருப்பவர்கள்.

மூன்றாவது, கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்கள். பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ஒரு சோதனை, அதன்பின் ஆயுளுக்கும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. இது அந்தப் பெண்களில் பலருக்குத் தெரியாது. குழந்தை பிறந்ததும் சர்க்கரை போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். டெக்சஸில் 2024 மார்ச் முதல் பிரசவத்துக்குப் பிந்தைய மெடிக்கெய்டு 12 மாதம் நீடிக்கிறது. அது கையில் இருக்கும்போதே சோதனையை முடித்துவிட வேண்டும்.

யாருக்குப் பார்ப்பது? அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழுவின் 2021 பரிந்துரைப்படி 35 முதல் 70 வயது வரை, உடல் எடை கூடுதலாக உள்ளவர்கள். ஹிஸ்பானிக் போன்ற அதிக ஆபத்துள்ள பிரிவினருக்கு அதற்கு முன்பே தொடங்குவதைப் பரிசீலிக்கலாம். ஏடிஏ என்னும் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 35 வயது ஆனவர் எல்லோருக்கும் பார்க்கச் சொல்கிறது. அதற்குக் குறைந்த வயதானாலும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் எண்) 25-ம் அதற்கு மேலும் இருந்து, கூடவே ஓர் ஆபத்துக் காரணி இருந்தால் போதும். ஹிஸ்பானிக் என்பதே அந்தக் காரணிகளில் ஒன்று. நம்மவர்கள் 23 என்ற எல்லையைக் கேட்டுப் பழகியிருப்பார்கள். அது ஆசிய வழியினருக்கு, இங்கே 25. இயல்பாக இருந்தால் மூன்று வருடம் கழித்து, முன்நிலைச் சர்க்கரை (நோய்க்கு முந்தைய கட்டம்) என்றால் வருடத்துக்கு ஒருமுறை. ஏழு கேள்வி கொண்ட ஆபத்து மதிப்பெண் தாள் ஸ்பானிஷிலும் கிடைக்கிறது; 5 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தம் பார்க்க வேண்டும். காத்திருக்கும் வரிசையில் கொடுக்க நல்ல தாள்தான். ஆனால் அதில் இனத்துக்குத் தனி மதிப்பெண் இல்லை, வயது குறைந்தவருக்கு எண் தாழ்ந்துதான் வரும். 36 வயதுக்காரர் 3 வாங்கினார் என்பதற்காக அனுப்பிவிடாதீர்கள்.

எந்தச் சோதனை என்பதில்தான் முகாம்கள் பெரும்பாலும் சொதப்புகின்றன. சாப்பிட்ட நேரம் கேட்காமல் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம், 138 என்று எண், "பரவாயில்லை, நார்மல்" என்று ஒரு புன்னகை. அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. சாப்பிட்ட பின் எடுத்த ரத்தத்தில் 200-ஐத் தாண்டி, கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் போன்ற அறிகுறியும் இருந்தால்தான் அது நோயைச் சொல்லும். 138-ஐக் கேட்டுவிட்டுப் போனவருக்கு உண்மையில் ஏ1சி 6.7 இருக்கலாம், அவர் இனி ஐந்து வருடம் எந்த முகாமுக்கும் வரமாட்டார், "பார்த்தாச்சு" என்பார். சோதிக்காமலே விட்டிருந்தால் கூடச் சேதம் இதைவிடக் குறைவு.

வெறும் வயிற்றுச் சோதனைக்கு 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வேனில் ஏறுகிறவரிடம் காலை பத்து மணிக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள் என்பது வராதே என்று சொல்வதற்குச் சமம். அதனால் இந்த மக்களுக்கு ஏ1சி-தான் பொருத்தம்: எந்த நேரமும் எடுக்கலாம், சாப்பிட்டிருந்தாலும் சரி. 5.7-க்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5-லிருந்து சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் என்றால் 100 முதல் 125 வரை முன்நிலை, 126-லிருந்து நோய்.

ஏ1சி பொய் சொல்லும் இடங்களும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எண் கூடிக் காட்டும். மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்களிடம் இதை மனதில் வையுங்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்களிடமும், சிவப்பணு சீக்கிரம் அழிகிறவர்களிடமும் குறைத்துக் காட்டும். டொமினிக்கன், போர்ட்டோ ரீக்கோ மக்களில் ஹீமோகுளோபின் மாறுபாடு இருப்பவர்கள் உண்டு, சில கருவிகள் அவர்களிடம் தடுமாறும். எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொன்று: பலர் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் ரெய்னோசாவிலோ நுவோ புரோக்ரேசோவிலோ மருந்துக் கடையில் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அப்போது ஏ1சி 6.2 என்றால் அது முன்நிலையாக இல்லாமல், மருந்து வேலை செய்கிற சர்க்கரை நோயாக இருக்கலாம். "சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார். "அந்தப் பக்கம் ஏதாவது மாத்திரை வாங்குகிறீர்களா, டப்பா இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

விரலில் குத்தி ஏ1சி பார்க்கும் டிசிஏ வான்டேஜ் போன்ற கருவிக்கு 1 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், 6 நிமிடத்தில் எண் வரும். அதன் கேட்ரிட்ஜ் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். எடுத்ததும் போடக்கூடாது, அறை வெப்பத்துக்கு வரப் பத்து நிமிடமாவது விட வேண்டும். ஜூலை வெயிலில் தேவாலய வாசலில் பந்தல் போட்டு இதை வைத்தால் கருவி பிழை காட்டும், வரிசையில் நிற்பவர்கள் கலைவார்கள். உள்ளே ஓர் அறை கேளுங்கள். இப்படிச் சோதிக்க, ஆய்வகச் சோதனைகளுக்கான மத்திய சட்டமான க்ளியாவின் விலக்குச் சான்றிதழ் வேண்டும், நிலையத்தின் சான்றிதழ் வெளியிடத்துக்கும் செல்லுமா என்று முன்பே உறுதிசெய்யுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவ வையுங்கள். மாம்பழம் சாப்பிட்ட விரலில் மீட்டர் எண்ணைக் கூட்டிக் காட்டும். குத்தும் ஊசியான லான்செட் ஒருவருக்கு ஒன்றுதான், ஒருமுறைதான். பேனா மாதிரியான குத்துக்கருவியை ஊசி மாற்றி எல்லோருக்கும் பயன்படுத்தி ஹெபடைட்டிஸ் பி பரவிய இடங்கள் உண்டு.

ரிசல்ட்டோடு காணாமல் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதிப் பேர் காணாமல் போவது நாம் அவர்களை இரண்டாம் முறை வரச் சொல்வதால்தான். அறிகுறி இல்லாதவருக்கு நோய் என்று உறுதிப்படுத்த இரண்டு அசாதாரண முடிவு வேண்டும். அந்த இரண்டும் வெவ்வேறு நாளில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஒரே சமயத்தில் எடுத்த ரத்தத்தில் ஏ1சி, வெறும் வயிற்றுச் சர்க்கரை என்ற இரண்டும் எல்லையைத் தாண்டினால் போதும். இரண்டு ஏ1சி-யும் செல்லும். எனவே விரல் சோதனையில் 6.5 அல்லது அதற்கு மேல் வந்த உடனேயே, அவர் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன், நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு பயணம் மிச்சம், ஒரு அரை நாள் கூலி மிச்சம்.

அந்த நாற்காலியில் நடக்கும் பேச்சு முக்கியம். 6.1 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "உங்களுக்கு ஆபத்து அதிகம், கவனமாக இருங்கள்" என்றால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுங்கள், 5.7-க்கும் 6.5-க்கும் நடுவில் ஒரு கோட்டில் அது எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். "இது இன்னும் சர்க்கரை நோய் இல்லை, இங்கிருந்து பின்னால் திரும்பலாம்" என்று சொல்லுங்கள். அது வெறும் ஆறுதல் இல்லை. 2002-ல் வெளியான, 3,234 பேர் கலந்துகொண்ட தடுப்பு ஆய்வில் எடையை 7 சதவீதம் குறைத்து வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற வேலை செய்தவர்களிடம் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிடம் 31. 90 கிலோ இருப்பவர் ஆறு கிலோ சொச்சம் குறைத்தால் போதும் என்று கிலோவிலேயே சொல்லுங்கள். அதே சீட்டில் அடுத்த சந்திப்பின் தேதி, நேரம், கட்டணம், பார்க்கப் போகிறவரின் பெயர் நாலும் இருக்க வேண்டும். மருத்துவரைப் பாருங்கள் என்று மட்டும் எழுதிய சீட்டு குப்பைக் கூடைக்குத்தான் போகும்.

எண் 300-ஐத் தாண்டி, வாந்தி, மூச்சிரைப்பு, தூக்கக் கலக்கம் என்று ஏதாவது இருந்தால் சீட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள். அந்த மருத்துவமனையின் பெயரும் வழியும் முகாம் தொடங்கும் முன்பே எல்லோர் கையிலும் இருக்கட்டும்.

ஆண்கள் விஷயம். ஞாயிறு பூசை முடிந்து வருகிற கூட்டத்தில் நாற்பது வயது ஆண் குறைவு. பாட்டிகள்தான் அதிகம், அவர்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே சர்க்கரை தெரியும். ஆண்கள் இருக்கும் இடம் வேறு: மாலைக் கால்பந்துக் குழு, வாரச் சந்தை, கட்டுமானத் தளம், டயர் கடை, கூலிக்கு ஆள் எடுக்கும் முனை. நேரம் மாலை ஆறுக்கு மேல், அல்லது விடிகாலை. பேச்சைக் கால் வெட்டப்படும் கதையில் தொடங்காதீர்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமா அப்படிப் போயிருப்பார், அந்தப் பயம்தான் அவரைத் தூர நிறுத்துகிறது. "இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? வண்டி ஓட்டும்போது கண் மங்குகிறதா?" என்று தொடங்கினால் அவரே பேசுவார். பெரும் அதிர்ச்சியோ கோபமோதான் சர்க்கரையைக் கொண்டுவரும் என்றும், இன்சுலின் போட்டால் கண் போகும் என்றும் சொல்பவர்களை நிறையச் சந்திப்பீர்கள். மறுத்து வாதாட வேண்டாம். அவர்கள் உதாரணம் காட்டும் அத்தைக்கு இன்சுலின் தொடங்கியபோது நோய் வந்து பத்து வருடம் ஆகியிருந்தது, கண் அதற்குள் கெட்டிருந்தது என்று வரிசையைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இதையெல்லாம் சொல்ல வேண்டியது நீங்களும் இல்லை, நானும் இல்லை. 'ப்ரொமோத்தோரா' என்று அழைக்கப்படும், அதே தெருவில் வசிக்கும், அதே மொழி பேசும் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். டெக்சஸில் இவர்களுக்கு மாநிலச் சான்றிதழே உண்டு. சம்பளம் கொடுத்து வையுங்கள். இலவசமாக உழைக்கச் சொல்லிவிட்டு ஆறு மாதத்தில் அவர்கள் போய்விட்டால் கூடவே நம்பிக்கையும் போய்விடும். மொழிபெயர்க்கப் பன்னிரண்டு வயது மகளை உட்கார வைப்பதை மட்டும் எக்காரணத்துக்கும் ஏற்காதீர்கள். அவசர நிலை தவிர மற்ற நேரத்தில் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை, அப்பாவும் மகள் முன்னால் உண்மை சொல்லமாட்டார். மெக்சிகோ துணைத்தூதரகங்களுக்குள் 'வென்தானீயா தே சலூத்' என்று ஒரு சுகாதார ஜன்னல் இயங்குகிறது. பாஸ்போர்ட் வேலைக்கு வந்து மணிக்கணக்கில் காத்திருப்பவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அங்கே பார்ப்பார்கள். மெக்காலனிலும் பிரவுன்ஸ்வில்லிலும் துணைத்தூதரகம் இருக்கிறது. தனி முகாம் போடுவதற்கு முன் அவர்களோடு பேசுங்கள்.

பணம். மத்திய நிதி பெறும் சமூக மருத்துவ நிலையங்களில் வறுமைக் கோட்டைப் போல் இரண்டு மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்குப் படிநிலைக் கட்டணம் உண்டு; அந்தத் தொகையை டாலரில் போஸ்டரிலேயே போடுங்கள். 'குறைந்த கட்டணம்' என்ற சொல்லை யாரும் நம்புவதில்லை. காப்பீடு உள்ளவருக்கு 35 முதல் 70 வயதில் எடை கூடுதலாக இருந்தால் ஸ்கிரீனிங் இலவசம். ஆனால் பில்லில் ஸ்கிரீனிங் குறியீடு போட வேண்டிய இடத்தில் முன்நிலைச் சர்க்கரை என்று நோய்க் குறியீடு விழுந்துவிட்டால் அதே சோதனைக்கு அவர் கையிலிருந்து காசு போகும். ஒரு பில் வீட்டுக்குப் போனால் அந்தத் தெருவே பேசும். பில் போடுகிறவரோடு உட்கார்ந்து இதை ஒருமுறை சரிபாருங்கள். மருந்தைப் பற்றிக் கேட்டால், சாதாரண மெட்ஃபார்மின் வால்மார்ட்டில் மாதம் 4 டாலர் பட்டியலில் இருக்கும் மருந்து என்று சொல்லலாம்.

குடியேற்றக் காகிதங்களைப் பற்றிய பயம் இதைவிடப் பெரியது. அரசு உதவி வாங்கினால் குடியேற்ற விண்ணப்பம் கெடும் என்று 2019-ல் வந்த விதி 2021-ல் விலக்கப்பட்டது, அதன் பயம் விலகவில்லை. விதிகள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றன, எனவே "எந்தப் பிரச்சினையும் வராது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் செய்யக்கூடியது, தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பது. முதற்பெயர், பிறந்த வருடம், ஒரு தொலைபேசி எண் போதும். முகவரி, அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு எண் வேண்டாம். வாசலில் சீருடைக் காவலர் நிற்க வேண்டாம்.

ஆங்கிலக் கடிதமும் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பும் வீண். எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று நாற்காலியிலேயே காட்டி அவர் போனில் பெயரோடு சேமிக்கச் செய்யுங்கள். வாட்ஸப் குரல்பதிவு இன்னும் நல்லது. உங்கள் ரியோ கிராண்டே பள்ளத்தாக்குப் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் வசந்தத்தில் வடக்கே வயல் வேலைக்குப் போய் இலையுதிர் காலத்தில் திரும்புகின்றன. ஏப்ரலில் சோதித்துவிட்டு ஜூலையில் வாருங்கள் என்றால் அவர் அப்போது மிச்சிகனில் இருப்பார். எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். இடம் மாறும் நோயாளிகளைப் போகிற ஊர் மருத்துவரோடு இணைத்துவிட ஆஸ்டினில் உள்ள மைக்ரன்ட் கிளினிஷியன்ஸ் நெட்வொர்க் ஒரு சேவை நடத்துகிறது, செலவில்லாமல்.

கணக்கு எழுதும்போது எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற எண்ணைப் பெரிதாகப் போடாதீர்கள். நன்கொடையாளர்களுக்கு அதுதான் பிடிக்கும், அதனாலேயே அது ஏமாற்றும். வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே நோய் தெரியும், எத்தனை பேர் 35 முதல் 50 வயது ஆண்கள், எல்லை தாண்டிய எண் வந்தவர்களில் எத்தனை பேர் 30 நாளுக்குள் மருத்துவரைப் பார்த்தார்கள் என்ற மூன்றையும் எடுங்கள். மூன்றாவது எண் பாதிக்குக் கீழே இருந்தால் அடுத்த முகாமைத் தள்ளிவைத்து, அந்தப் பணத்தில் ஒரு ப்ரொமோத்தோராவுக்குப் போனும் பெட்ரோலும் கொடுத்து, பழைய பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராகத் தேடச் சொல்லுங்கள்.